ஐந்தாவது ஏன்

மாசாய்,
7 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மதி அக்காவுக்கு,

ரூபினி எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததுமே நீங்கள் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே எனக்குப் பெரிசு.

முகவரி கொடுத்தது நம் லைனில் வேலை செய்யும் செல்வராணிதான். தீபாவளிச் சேலை எடுக்கத் தங்காக் போனவள், அய்யாவு கடையில் நீங்கள் துணி அளந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். உங்கள் முன்னால் வந்து நிற்கக் கூச்சப்பட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாளாம். எங்கள் எல்லாருக்குமே அந்தக் கூச்சம் இருக்கிறது அக்கா. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணி வைத்திருப்பது தெரியும். அப்படி இல்லாவிட்டாலும் இதைக் கைப்பேசியில் சொல்லியிருக்க மாட்டேன். இப்போதெல்லாம் அது என் பொருள் மாதிரியே இல்லை. வேலைக் குழுவில் செய்தி விழுந்தால் பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட்டேன் என்று போட வேண்டும். போடாதவர்கள் பெயரை மறுநாள் காலைக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். குளிக்கப் போனால்கூட வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அது டிங் என்றால் சோப்புக் கையோடு எடுத்துப் பார்க்கிறேன்.

பலகையில் இன்று 244. ஜனவரியில் நீங்கள் உங்கள் தவறைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் அது பூஜ்யத்துக்குப் போனதே, அதிலிருந்துதான் எண்ணிக்கொண்டு வருகிறோம். பிழையில்லா நாட்கள். காலை ஏழரைக்கு எண்ணை மாற்றுவது இன்னமும் நான்தான். மாற்றியதும் எல்லாரும் கைதட்ட வேண்டும். இந்த மாதம் முப்பதாம் தேதி நம் மூடிகளை வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் நேரில் வருகிறார்கள். அன்றைக்குப் பலகையில் 267 நின்றே ஆக வேண்டும் என்று மேனேஜர், மிஸ்டர் குணாளன், தினமும் சொல்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதி. மூன்றாம் நம்பர் மிஷின் என் பொறுப்பு. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இருபது இருபது மூடி எடுத்துத் திருகிப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. இருமல் மருந்துப் போத்தல் மூடி. அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும், பிள்ளைகள் கைக்குத் திறக்கக் கூடாது. அன்று ஒன்றரை மணிக்கே எங்களை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முப்பதாம் தேதி எப்படி வரிசையில் நிற்பது, உறுதிமொழியை எப்படி ஒரே குரலில் சொல்வது என்று ஒத்திகை. யாரோ கொட்டாவி விட்டதற்காக மறுபடி முதலிலிருந்து. வெளியே வந்தபோது ஐந்தே முக்கால். என் தாளில் இரண்டு கட்டங்கள் காலி. காலையில் வந்த அளவுகளைப் பார்த்து இரண்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் செய்வதுதான். நானும் முன்பு செய்திருக்கிறேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை.

பிறகு கூட்டும்போது மிஷின் அடியில் ஒரு மூடி கிடந்தது. சும்மா எடுத்து மாதிரிப் போத்தலில் மாட்டித் திருகினேன். அழுத்தவே இல்லை அக்கா. விரல் பட்டதும் திறந்துகொண்டது.

அதற்குள் பெட்டிகளை ஒட்டிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாயிரம் மூடி. முப்பதாம் தேதி வருகிறவர்கள் தலையாட்டியதும் அன்றைக்கே லோரி ஏறும். அந்த ஒற்றை மூடி என் கைப்பையில் இருக்கிறது. வீட்டுக்காரர் சுகுமாறனிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் அன்று தாளை முதலில் யார் கையில் கொடுத்தீர்கள்? அந்த ஐந்து ஏன்களையும் எப்படி நிரப்பினீர்கள்? ஏன் நடந்தது என்று எழுதி, அந்தப் பதிலுக்கு ஒரு ஏன், அதற்கும் ஒரு ஏன் என்று ஐந்து முறை இறங்க வேண்டுமே. நான் முதல் ஏனிலேயே நிற்கிறேன். கேட்க எனக்கு முகம் இல்லைதான். உங்களை விட்டால் ஆளும் இல்லை.

ரூபினி


தங்காக்,
11 செப்டம்பர் 2025

ரூபினி,

கிழிக்கவில்லை. கடையில் வைத்து ஒரு தடவையும் தங்கச்சி வீட்டில் வைத்து ஒரு தடவையும் படித்தேன். இத்தனை பக்கத்தில் எனக்காக எழுதியது நாலு வரி. மற்றதெல்லாம் உனக்கு வேண்டியது. சரி, அப்படியாவது என் நினைப்பு வந்ததே.

நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். ஜனவரி ஆறாம் தேதி நான் தாள் கொடுத்தேன். பதினேழாம் தேதி வேலையை விட்டேன். நடுவில் பதினோரு நாள். பெரிய போத்தல் மூடியையும் சின்ன போத்தல் மூடியையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டேன், அதை நானே கண்டுபிடித்து நானே போய்ச் சொன்னேன். களவு செய்யவில்லை. அன்றைக்கே எல்லாரையும் கூட்டி வைத்து நீதான் பலகையில் பூஜ்யத்தை மாட்டினாய். மாட்டிவிட்டு டிஷ்யூவில் கையைத் துடைத்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது. என்னை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆறு வருடம் கேன்டீனில் நம் இருவருக்கும் ஒரே மேசை. உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ அழுததும் அந்த மேசையில்தான். ஏழாம் தேதி நான் தட்டோடு வந்து உட்கார்ந்தேன், நீ தட்டோடு எழுந்தாய். ஒரு வார்த்தை இல்லை. ஏன் அப்படி எழுந்து போனாய்? ஏசியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் பத்து நாள் நான் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்வதே பொய், பிசைந்து கொட்டினேன்.

இப்போது வந்து தாளை எப்படி நிரப்புவது என்று கேட்கிறாய். நல்லா இருக்குடி உன் நியாயம். உன்னோடு சேர்ந்து எழுந்து போனவர்களைக் கேள். குணாளனைக் கேள். என்னை விடு.

சந்திரமதி

பி.கு. அந்த மூடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் அச்சு நம்பர் இருக்குமே, ஒன்றிலிருந்து பதினாறு வரைக்கும். எந்த நம்பர் என்று பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். உன் பயத்தில் உனக்கு அதெல்லாம் எங்கே தோன்றப் போகிறது.


மாசாய்,
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நம்பர் 14.

இதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று தோன்றியது. பிறகு மறுபடி படித்தேன். இல்லை, மேலே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஏன் எழுந்து போனேன். எட்டு மாதமாக எனக்கு நானே ஒரு பதில் சொல்லி வைத்திருந்தேன், குணாளன் அப்படிச் செய்யச் சொன்னார் என்று. அக்கா, அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நீங்கள் தட்டோடு வருவதைப் பார்த்தேன், எல்லாரும் என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன், என் கால் தானாக எழுந்தது. அன்று ராத்திரி சுகுமாறனிடம் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன், எதற்கு அந்தப் பொய் என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. டிஷ்யூவில் கை துடைத்தது எனக்கு ஞாபகம் இல்லைதான். நீங்கள் சொன்னால் துடைத்திருப்பேன். என்னை மன்னியுங்கள் என்று எழுதி மூன்று தடவை அடித்துவிட்டேன், அந்த வார்த்தை சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தையும் என்னிடம் இல்லை.

இன்று மலேசிய தினம். நாடே விடுமுறையில் இருக்கிறது, நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். போன வாரம் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உறுதிமொழி நடுவில் செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வந்தது. கூட்டம் முடிந்ததும் அவள் கையில் ஐந்து ஏன் தாளைக் கொடுத்துவிட்டார்கள். ஏன் சிரித்தாய்? பக்கத்தில் இருந்தவர் தும்மினார். தும்மினால் ஏன் சிரிப்பு வந்தது? அவர் தும்மல் ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது? இப்படியே போய் ஐந்தாவதில் 'என் கவனக்குறைவு' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாள் இப்போது அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. முன்பு என்றால் நீங்களும் நானும் அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். நானும்தான்.

இனி பதினான்கு நாள். நான் இப்போது வேலையை மிகவும் ஒழுங்காகச் செய்கிறேன். இருபது மூடிக்குப் பதில் நாற்பது பார்க்கிறேன். குணாளன் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார், ரூபினியைப் பார்த்துக் கத்துக்குங்க என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். 

பதினான்காம் நம்பர் என்றால் என்ன அர்த்தம் அக்கா? நான் நினைப்பதுதானா?

ரூபினி


தங்காக்,
20 செப்டம்பர் 2025

ரூபினி,

நீ நினைப்பதுதான். மிஷின் ஒரு தடவை அச்சடித்தால் பதினாறு மூடி விழுகிறது. பதினான்காம் அச்சில் கோளாறு என்றால் பதினாறில் ஒன்று கெட்டது. பன்னிரண்டாயிரத்துக்கு எழுநூற்றைம்பது. எழுநூற்றைம்பது போத்தல், எழுநூற்றைம்பது வீடு. பிள்ளை இருக்கிற வீட்டில்தானே இருமல் மருந்து வாங்குவார்கள்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனால் உன் கால் தானாக எழுந்தது என்று எழுதியிருந்தாய் பார், அதை மட்டும் நம்புகிறேன். மற்றவர்கள் யாராவது எழுதியிருந்தால் குணாளன் தலையில் போட்டிருப்பார்கள்.

நான் இங்கே வந்து நிம்மதியாக இருக்கிறேன் என்று நீ நினைக்கலாம். ஒரு கதை சொல்கிறேன். மே மாதத்தில் ஒரு அம்மாவுக்கு ரவிக்கைத் துணி வெட்டியதில் ஒரு அங்குலம் குறைந்துவிட்டது. அவர்கள் கவனிக்கவே இல்லை, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.  சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். தேதி, நேரம், துணியின் நிறம், ஏன் நடந்தது, அதற்கு ஏன், அதற்கும் ஏன், ஐந்தையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முதலாளி மேசையில் வைத்துவிட்டு, அறைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அய்யாவு அண்ணன் அதைப் பார்த்து நான் வேலையை விடுகிறேன் என்று நினைத்துப் பதறிப்போய் வெளியே ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு அவர் சொன்னது:

"இது துணிம்மா. அந்த அம்மாவுக்கு போன் போட்டு இன்னொரு துண்டு வெட்டிக் குடுத்திரலாம். நீ ஏன் இப்படி நடுங்குற?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அந்த அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கடையின் பின்னால் போய் அழுதேன். நாலு மாதம் ஆகிறது, இன்னமும் அவர் 'சந்திரமதி' என்று கூப்பிட்டால் கைகள் பின்னால் போய்க் கட்டிக்கொள்கின்றன. கூப்பிட்டது தேநீர் குடிக்கத்தான் என்றாலும்.

நீ கேட்டதற்குப் பதில். தாளை நேரே குணாளன் கையில் கொடு, குழுவில் போடாதே. ஒரு நகல் எடுத்து வை. முதல் நாலு ஏன்களும் கஷ்டம் இல்லை, நடந்ததை எழுது. ஐந்தாவதில்தான் பிடிப்பார்கள். என்னுடைய ஐந்தாவதில் நான் எழுதியது வேறு. என் மேசை விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை, இரண்டு தடவை சொல்லியும் மாற்றவில்லை என்று எழுதினேன். குணாளன் அதை அடித்துவிட்டு 'என் கவனக்குறைவு' என்று தன் கையால் எழுதிக் கொடுத்து, மறுபடி சுத்தமாக எழுதிவா என்றார். எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பதினோரு நாளைவிட எனக்கு இப்போது அதுதான் அதிகம் உறுத்துகிறது.

கொடு என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பதாம் தேதி லோரி ஏறும் என்றும் தெரியும்.

சந்திரமதி


மாசாய்,
23 செப்டம்பர் 2025

அக்கா,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். நான் கொடுக்கப் போவதில்லை.

நேற்றுத் தாளை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குணாளன் அறை வாசல் வரைக்கும் போனேன். அவர் தலை நிமிரவில்லை. "நல்ல சேதின்னா சொல்லு ரூபினி, இல்லன்னா முப்பதாந் தேதிக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். கழிவறையில் அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீர் விட்டேன்.

சுகுமாறனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் ராத்திரி எட்டுக்கு வருகிறவர். எந்தத் தொழிற்சாலையில்தான் இது இல்லை, ஒரு மூடியை வைத்துக்கொண்டு எழுநூற்றைம்பது என்று கணக்குப் போடாதே, அந்த ஒன்று மட்டும் கெட்டதாக இருக்கலாம் என்கிறார். இருக்கலாம்தானே அக்கா? அப்படியும் இருக்கலாம்தானே?

மூடியை மாசாய் கடைவரிசைக்குப் பின்னால் இருக்கிற பெரிய கால்வாயில் எறிந்துவிட்டேன். இப்போது என் கையில் ஒன்றுமில்லை. நான் உங்களைப் போலத் தைரியசாலி இல்லை. எனக்கு எல்லாரும் வேண்டும், காலையில் நாலு பேர் பசியாறியாச்சா என்று கேட்க வேண்டும். அது இல்லாமல் என்னால் அந்த வாசலுக்குள் கால் வைக்க முடியாது.

தயவுசெய்து இனி எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் தாங்க மாட்டேன்.

ரூபினி


தங்காக்,
26 செப்டம்பர் 2025

ரூபினி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ கால்வாயில் எறிந்தது ஒன்று. மற்றவை கிடங்கில் இருக்கின்றன.

நான் தைரியசாலி என்று யார் உனக்குச் சொன்னது? தாள் கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை, ஏனென்றால் மறுநாள் நீ என் மேசையில் இருப்பாய் என்று நினைத்தேன். ஊரே பேசாவிட்டாலும் ரூபினி பேசுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் தைரியம். எல்லாருமே வேண்டும் என்று எனக்கு இருந்ததில்லை, ஒரு ஆள் இருந்திருந்தால் நான் அந்த வேலையில் இன்னும் இருந்திருப்பேன்.

உனக்கும் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமை, 29ஆம் தேதி, நான் லீவு சொல்லியிருக்கிறேன். தீபாவளி நேரத்தில் லீவா என்று அய்யாவு அண்ணன் முதலில் முகத்தைச் சுளித்தார், காரணம் சொன்னதும் போய்விட்டு வா என்றார். விடிகாலையில் லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் பஸ். அங்கிருந்து பாசிர் கூடாங்கில் உங்கள் தொழிற்சாலைக்கு ஏதாவது பிடித்து வருவேன். கேட்டுக்கு எதிரே மரத்தடியில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய் அம்மா, மக்சிக் கடை இன்னும் இருக்கிறதல்லவா? பன்னிரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்திருப்பேன். நீ தாளைக் கொடுத்துவிட்டு வந்தாலும் சரி, கொடுக்காமல் வந்தாலும் சரி. வந்து என்னோடு சாப்பிடு.

என் மேல் உனக்கு இருக்கிற வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வா. எனக்கும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது, அதைக் கொண்டுவருவேனா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது.

சந்திரமதி


மாசாய்,
5 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அன்று நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பீர்களோ என்று எனக்கு ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டே முக்கால் வரைக்கும் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அந்தச் சம்பால் மிளகாய்த் துவையலில் கண்ணீரையும் சேர்த்துச் சாப்பிட்டதை மக்சிக் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவு உறைப்பா என்று. உங்களோடு சாப்பிட்டுவிட்டுத் தாள் கொடுக்காமல் உள்ளே போகிறேனே என்று கேட்டைத் தாண்டும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீங்கள் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதையே சாக்காக வைத்துக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நீங்கள் சொல்லவே இல்லை. மீன் முள்ளை எடுத்து எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு மணிக்குப் புதுத் தாள் வாங்கி லாக்கர் அறையில் நின்றபடி எழுதினேன். சோதிக்காமல் கட்டங்களை நிரப்பினேன் என்று முதலில் எழுதினேன். ஏன்? அந்த நேரம் ஒத்திகையில் இருந்தேன். என் இடத்தில் ஏன் வேறு ஆள் இல்லை? எல்லாருமே ஒத்திகையில் இருந்தார்கள். கெட்ட மூடி கிடைத்த பிறகு ஏன் சொல்லவில்லை? சொன்னால் பலகை பூஜ்யமாகும். பூஜ்யத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? இதுதான் ஐந்தாவது. இங்கே கை தானாக எழுதியது: 'பூஜ்யமாக்கியவரோடு இங்கே யாரும் சாப்பிட மாட்டார்கள். ஜனவரியில் சந்திரமதிக்கு அப்படி நடந்தது. அவர் மேசையிலிருந்து முதலில் எழுந்தவள் நான்.'

குணாளன் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். மறுபடி ஒரு தடவை படித்தார்.  "அஞ்சாவது வரிய மாத்து. கவனக்குறைவுன்னு போடு, போதும்" என்றார். நான் முடியாது என்றேன். அவ்வளவு மெல்லிய குரலில் சொன்னேன், அவருக்குக் கேட்டதா என்று சந்தேகம்கூட வந்தது. கேட்டிருக்கிறது. "எனக்கும் மேல ஆளு இருக்கு ரூபினி" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் நாலு பேரை வைத்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். முதல் மூன்று பெட்டியிலேயே நூற்றுக்கு மேல் கெட்டது, எல்லாமே பதினான்காம் நம்பர். அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் ஒதுக்கிவிட்டார்கள் அக்கா. லோரி அதை ஏற்றவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் வழக்கமான சோதனையில் கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்கிறோம், உன் தாள் என்னிடம் இருக்கட்டும், நாளைக்குப் பலகையில் 267 தான் என்று குணாளன் சொல்லிவிட்டார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். மறுநாள் காலையில் 2, 6, 7 மூன்று தகட்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். வந்தவர்கள் ஐந்து பேர், கழுத்தில் அட்டை தொங்க முன்னால் நிற்கிறார்கள். கைதட்டக் கைகளைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் நிற்கிறார்கள். அந்தக் கைகளைப் பார்த்ததும் என்னால் மாட்ட முடியவில்லை. பூஜ்யத்தை எடுத்து மாட்டிவிட்டு என் இடத்துக்கு வந்து நின்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. வந்தவர்களில் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார். உறுதிமொழியை யார் ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னைச் சோதனையிலிருந்து எடுத்துப் பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதின்மூன்றாம் தேதி விசாரணை. வேலை போகலாம். சுகுமாறன் இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறார். எனக்கும் பயம் போகவில்லை, கைப்பேசி டிங் என்றால் முன்பு போலத்தான் சோப்புக் கையோடு எடுக்கிறேன். கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.  நீங்கள் பத்து நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

பலகை இப்போது செல்வராணி பொறுப்பு. புதன்கிழமை அவள் 1 மாட்ட வேண்டியது. மாட்டவில்லை. அவளே ஒரு தாள் கொடுத்திருக்கிறாள், போன மாதம் அவளும் மூன்று கட்டங்களைச் சும்மா நிரப்பினாளாம். வியாழக்கிழமையும் பூஜ்யம். மிஷின் பழுது பார்க்கிறவர், பதினான்காம் அச்சு தேய்ந்துபோனது ஜூலையிலேயே தெரியும், மிஷினை நிறுத்தினால் ஏச்சு விழும் என்று விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஒரு நேப்பாளித் தொழிலாளி. அவர் தன் மொழியின் எழுத்திலேயே எழுதியிருந்தார், மலாயில் சொல்லச் சொல்ல ஆபீசில் குறித்துக்கொண்டார்கள்.

நேற்றுச் சனிக்கிழமையும் பூஜ்யம்தான். அன்றைக்கு வந்த தாளைச் செல்வராணி அறிவிப்புப் பலகையில் மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். சோதனை நேரத்தில் ஆட்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டது பற்றி எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது, என் தாள்களில் எத்தனை தடவை சிவப்பு மையில் அதைப் பார்த்திருக்கிறேன். குணாளன் நாலு ஏன்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார் அக்கா. ஐந்தாவது கட்டத்தில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து, அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உங்கள்
ரூபினி